பஞ்சாங்கமும் பாலபாடமும்

அச்சு நூல்களின் வரலாறு பேசப் புகுவோர் பெரும்பாலும் பெருநூல்களைப் பற்றியே பேசுவர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இலே கலித்தொகையைப் பதிப்பித்தார்கள் என்பதை மாணாக்கரும் அறிவர். அப்பதிப்பை நூலகங்களிலே இன்றும் காணலாம். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவரிலே ஆணியில் தொங்கிய பஞ்சாங்கம் ஒன்றைக் காட்டும்படி கேட்டால் எத்தனை பேர் முன்வருவர்? மலிவாகவும் மிகுதியாகவும் அச்சாகியவையே இன்று அருநூல்களாகிவிட்டன என்பது என் துணிபு.

காரணம் வெளிப்படை. இலக்கியப் பதிப்புக்கள் பெட்டகத்துள் இருந்தன. பாலபாடமோ கையிலே தேய்ந்தது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மறு ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கினார். அதில் அச்சாகிய பாலபாடங்கள் பிள்ளைகளின் கைக்குக் கை மாறின. தமையன் படித்ததைத் தம்பி படிப்பான். அவனுக்குப் பின் அயல்வீட்டுப் பிள்ளை. மட்டை கழன்று, முதற்றாளும் கடைசித் தாளும் போனபின், எஞ்சியது கடையிலே சீரகமும் மிளகும் கட்டும் சரையாயிற்று. மதிப்பாரின்றி அழிந்தது என்று கூறேன். முற்றப் பயன்பட்டே அழிந்தது.

தாளும் ஒரு சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தாள் பெரும்பாலும் கந்தைத் துணியினின்று செய்யப்பட்டது. பின்னர் மரக்கூழ் வந்தது, மலிவு வந்தது, கூடவே அமிலமும் வந்தது. ஆதலால் 1850 ஐ ஒட்டி அச்சான நூலின் தாள் இன்னும் வளைகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பள்ளிப் புத்தகமோ தொட்டவுடன் நொறுங்குகிறது. பேரனிலும் பாட்டன் திடகாத்திரமாயிருக்கிறான். (மனிதரிலும் அப்படித்தானே என்பர் முதியோர்.)

விலையையும் பாருங்கள். இலங்கையில் 1872 முதல் ரூபாவும் சதமும் வழங்கின. சென்னையிலிருந்து வந்த நூல்களிலோ 1957 வரை அணாக் கணக்கே. முகப்பிலே அணா, அருகே புத்தகக் கடைக்காரர் பென்சிலால் எழுதிய சதம்.

என்னிடமுள்ள பழைய பஞ்சாங்கம் ஒன்று கொக்குவிலில் அச்சானது. அதன் ஓரங்களிலே பசு கன்றீன்ற நாளும், கிணறு இறைத்த கூலியும், ஒரு பெண்குழந்தை பிறந்த நாழிகையும் எழுதப்பட்டுள்ளன. சில தாள்கள் தள்ளி, அதே கையெழுத்தில், அக்குழந்தையின் மறைவு. அந்த வீட்டின் துயரத்துக்கு வேறு ஏடு இல்லை. இத்தகைய நூலைப் புதிதாகக் கட்டக் கொடுத்தால், கட்டுபவர் முதலிற் செய்வது ஓரங்களை அரிந்து சமன்செய்வதே! பழைய மட்டை குப்பைக்குப் போகும். மட்டையிலிருந்த மருந்து விளம்பரமும், பதிப்பகத்தின் நூற்பட்டியலும், உடையவரின் பெயரும் அதனோடு போகும்.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பின்னர் 1995 இல் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். அவசரத்தில் உறுதிகளையும் நகைகளையும் எடுத்தவர்கள் பஞ்சாங்கத்தையா எடுப்பர்? எனவே, தப்பியவை எந்த வீட்டு றாக்கையில் இருந்தாலும் பெறுமதியுடையவை.

2005 முதல் நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து வெளியீடுகளைப் படியெடுத்துச் சேர்த்து வருகின்றது. இது பெரும்பணி. ஆசிரியப் பெருமக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் மாணாக்கர் தம் பாட்டியாரின் கணக்குப் புத்தகத்தையோ பஞ்சாங்கத்தையோ கொண்டுவந்தால், அச்சான பக்கங்களோடு நிறுத்தாது, மட்டையையும் விளம்பரத்தையும் ஓரக் குறிப்பையும் படமெடுக்கச் சொல்லுங்கள். யாரோ ஒரு பிள்ளை தன் பெயரை நான்கு முறை எழுதிப் பழகிய வெற்றுத்தாளையுந்தான்.