ஒரு சிற்றறையின் ஆட்சி

மின்காந்த அலைகளின் போக்கை 1865-ஆம் ஆண்டிலேயே மாக்ஸ்வெல் தம் சமன்பாடுகளுக்குள் அடக்கிவிட்டார் எனினும், கைப்பேசியின் ஆன்டெனாவிலிருந்து புறப்படும் அலை அதைப் பற்றியிருக்கும் விரல்களிலும் பக்கத்துச் சுவரிலும் பட்டு எவ்வாறு சிதறும் என்று கேட்டால், காகிதத்தில் எழுதி விடை காண்பது அசாத்தியம். அங்கே கணிப்பொறியின் துணையைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

அதற்கு வழி வகுத்தவர் கேன் யீ. 1966-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அவர், வெளியைச் சிறுசிறு கன அறைகளாகவும் காலத்தைச் சிறுசிறு அடிகளாகவும் பகுத்து, மின்புலத்தை அவற்றின் விளிம்புகளிலும் காந்தப்புலத்தை முகங்களின் மையங்களிலும் அமர்த்தி, ஒன்றைக் கணித்து அரை அடிக் காலம் கழிந்தபின் மற்றொன்றைக் கணிக்கும் முறையைத் தந்தார். பெருஞ்சமன்பாட்டுத் தொகுதி எதையும் தீர்க்க வேண்டிய அவசியமின்றி, கையிலுள்ள எண்களைக் கூட்டியும் பெருக்கியுமே கணக்கு நடந்துவிடுகிறது. இயற்கையிலும் இவ்விரு புலங்களும் ஒன்றையொன்று தோற்றுவித்தே முன்செல்கின்றன என்பதை நினைக்கையில், இம்முறையின் சௌந்தரியம் மனத்தைக் கவராமற் போகாது.

ஆயினும் அதற்கொரு கடுமையான நிபந்தனை உண்டு. கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்னும் மூவர், மின்னணுக் கணிப்பொறி பிறக்குமுன்பே, 1928-இல் கண்டது அது: ஓரடிக் காலத்தில் அலை கடக்கும் தூரம் அறையின் அளவைப் பொறுத்த ஓர் எல்லையைத் தாண்டலாகாது, தாண்டினால் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகிக் கணக்கே நாசமாகிவிடும். யீயின் முறையில், பக்கம் 1 மில்லிமீட்டராக உள்ள அறைகளுக்கு அனுமதிக்கப்படும் காலம், ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் பங்கில் ஏறத்தாழ 1.9 மடங்குதான். பக்கத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலோ, அறைகள் 1,000 மடங்கும் அடிகள் 10 மடங்கும் பெருகி, உழைப்பு 10,000 மடங்காகிறது.

எங்கோ ஒரு மூலையில் மயிரிழை போன்ற கம்பி ஒன்று இருந்து, அதற்காக அங்கு மட்டும் அறைகளை நுண்மையாக்கினாலும், தளர்நடைக் குழந்தை ஒன்றின் பொருட்டு யாத்திரைக் கூட்டம் முழுவதும் மெல்ல நடப்பதுபோல, எஞ்சிய பெருவெளி அனைத்தும் அச்சிற்றறைகளின் கதிக்கே கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

இத்தளையை அறுக்கும் யுக்தி ஒன்று எண்ணெய்த் துறையிலிருந்து வந்தது. பீஸ்மன், ராச்ஃபோர்டு இருவரும் 1955-இல் வகுத்த, திசைக்குத் திசை மாறிமாறித் தீர்க்கும் முறையை, 1999-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேறு ஆய்வாளர்கள் மாக்ஸ்வெல் சமன்பாடுகளுக்குப் பொருத்தினார்கள். எவ்வளவு நீண்ட அடியிலும் கணக்குக் குலையாது. ஆனால் குலையாமலிருப்பது வேறு, மெய்யாயிருப்பது வேறு. அடியை மிக நீட்டினால் அலையின் வேகமே பிசகிவிடும்.

சிற்றறைகள் பல குற்றடிகள் வைக்கும் நேரத்தில் பேரறைகள் ஒரே நெட்டடி வைக்கும் முறையே எனக்கு அதிக நியாயமாகத் தோன்றுகிறது. உழைப்பு தேவைப்படும் இடத்தில் மட்டுமே அது உழைப்பைச் செலவிடுகிறது. இடர் இருப்பது இரு பகுதிகளும் சந்திக்கும் எல்லையில்: அங்கே புலங்களைக் கவனமின்றி இணைத்தால், இல்லாத ஆற்றல் கொஞ்சங்கொஞ்சமாக முளைத்து, நெடுநேரக் கணக்கைக் கெடுத்துவிடும். பொதுவான அலைச் சமன்பாட்டுக்கு, ஆற்றலின் கணக்கு வடிவம் சிறிதும் மாறாமல் நிற்குமாறு அத்தகைய முறையொன்றை டியாஸும் குரோட்டேயும் 2009-இல் அமைத்துக் காட்டினார்கள்.