வலிப்பு நோய் அறிவியல் படிப்புக்குத் தடையா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறும் மாணவர்களின் பெற்றோர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பிள்ளையை அறிவியல் பிரிவில் சேர்க்கலாமா?” ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் பெற்றோருக்கு, பிள்ளையின் படிப்பே குடும்பத்தின் நம்பிக்கை. எனவே அவர்களது அச்சம் எங்களுக்குப் புரிகிறது.

பெரும்பாலோருக்கு எங்கள் விடை, “சேர்க்கலாம்” என்பதே. உரிய சிகிச்சை பெற்றால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இச்சிகிச்சையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சை 1952-இல் அங்கேயே நடைபெற்றது.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, “வலிப்பு வந்தால் அந்த இடத்தில் என்ன ஆகும்?” என்று எண்ணிப் பாருங்கள். வேதியியல் ஆய்வகத்தில் தீச்சுடருக்கு மாற்றாக மின்அடுப்பைப் பயன்படுத்த இயலுமா எனக் கேட்கலாம். தனியே சோதனை செய்தல் கூடாது. ஆசிரியரும் அருகிலுள்ள நண்பர் ஒருவரும் நோயைப் பற்றி அறிந்திருத்தல் நலம். தோல் தொழில்நுட்பம் பயில விரும்புவோர், சுழலும் டிரம்களையும் சுண்ணாம்புத் தொட்டிகளையும் அணுகும் பணியைத் தவிர்த்து, தரப் பரிசோதனை, காலணி வடிவமைப்பு போன்றவற்றை நாடலாம். வாகனம் ஓட்ட உரிமம் பெறுவது கடினம். ஆகவே பேருந்திலோ இரயிலிலோ சென்று வரத்தக்க கல்லூரியே ஏற்றது.

தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் கண்விழித்துப் படிப்பதும், மாத்திரையைத் தவறவிடுவதும் வலிப்பைத் தூண்டும். மாத்திரையால் மறதியோ சோர்வோ ஏற்பட்டால், தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுங்கள். மருந்தையோ அளவையோ அவர் மாற்றித் தருவார்.

வலிப்பு வந்தவரின் கையில் சாவியைத் திணிப்பதாலும், செருப்பை முகரச் செய்வதாலும் பயனில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மென்மையான துணியை வையுங்கள். வாயில் எதையும் இடாதீர்கள். வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இவற்றைப் பள்ளி ஆசிரியருக்கும் எடுத்துக் கூறுங்கள்.

அடுத்த முறை வரும்போது, விரும்பும் பாடப்பிரிவின் விவரங்களையும் செய்முறைப் பயிற்சிகளின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள்; அவர் விருப்பத்தை அவரே சொல்லட்டும்.