தீம் பார்க் சாப்பாடு: டிக்கெட் எடுத்த பிறகு பர்ஸ் காலியாவது எங்கே?

'வீக் ஆஃப் செலவு' வீடியோவுக்குக் கீழே ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்க்கிற நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தீங்க. "டிக்கெட் விலை ஆன்லைன்லயே தெரிஞ்சிடுது. உள்ளே போய் சாப்பிட எவ்வளவு ஆகும்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க." வீடியோவில் அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது. அதனால எழுதிடலாம்னு.

நம்ம பெல்ட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிறது பெங்களூரு ஹைவேயில் செம்பரம்பாக்கம் பக்கத்து குயின்ஸ் லேண்ட். ஈசிஆர் பக்கம் விஜிபி, எம்ஜிஎம் ரெண்டும் பழைய பேர்கள். இப்போ எல்லாரும் பேசுறது திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல 2025 டிசம்பர்ல திறந்த வொண்டர்லா. ஒரகடத்துல இருந்து சிங்கபெருமாள் கோயில், செங்கல்பட்டு வழியா போயிடலாம். திறந்தப்போ ஆரம்ப டிக்கெட் விலை 1,489 ரூபாய்னு அறிவிச்சாங்க. நாலு பேர் குடும்பத்துக்கு டிக்கெட்டே ஒரு பெரிய தொகை. அதுக்கு மேலதான் சாப்பாடு.

கேண்டீன் விலை பழகின நாக்கு

பார்க் விலை நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு சுருக்குனு குத்துது? நம்ம தினமும் சாப்பிடுறது கம்பெனி கேண்டீன்ல. 1948-ம் வருஷ தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல வேலை செய்யும் இடத்துல கேண்டீன் கட்டாயம்னு சொன்னது. 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்துல அது 100 பேர், அதுவும் காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து. பழைய சட்டத்துலயே ஒரு முக்கியமான பிரிவு உண்டு. கேண்டீன் நடத்துற செலவுல சிலதைச் சாப்பாட்டு விலையில ஏத்தக் கூடாது, அதை முதலாளிதான் ஏத்துக்கணும். கட்டடம், பாத்திரம், எரிபொருள் மாதிரி செலவுகள். அப்போ நீங்க கேண்டீன்ல கொடுக்கிற காசு சாப்பாட்டோட முழு விலையே கிடையாது. மீதியைக் கம்பெனி கட்டுது.

பார்க்ல இது அப்படியே தலைகீழ். அரிசி, எண்ணெய், மாஸ்டர் சம்பளம், கடை வாடகை அல்லது விற்பனையில பங்கு, ஏசி, இது எல்லாமே உங்க தட்டு மேலதான் வரும். அதோட, செவ்வாய்க்கிழமை காத்து வாங்குற கிச்சனுக்கும் சம்பளம் போயிட்டுத்தான் இருக்கு. அந்தக் காசையும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு மணி நேரக் கூட்டத்துல எடுத்தாகணும். வெளியே போய்ச் சாப்பிட்டு வர முடியாத ஆள்கிட்ட பேரம் எதுக்கு? வொண்டர்லா பங்குச் சந்தையில இருக்கிற கம்பெனி, அதனால அதோட கணக்கு யார் வேணும்னாலும் படிக்கலாம். வருமானத்துல ஏறக்குறைய கால் பங்கு டிக்கெட் அல்லாத வழியில வருது. அதுல சாப்பாடு பெரிய பங்கு. அதாவது சாப்பாடு அவங்களுக்கு ஒரு பக்க வியாபாரம் இல்ல, திட்டமிட்ட வருமானம். அப்போ நம்மளும் திட்டம் போட்டுத்தான் போகணும்.

வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாமா?

பெரும்பாலான பெரிய பார்க்ல வெளி உணவுக்கு அனுமதி இல்ல. கேட்லயே பையைத் திறந்து பார்ப்பாங்க. "இது சட்டப்படி சரியா?"ன்னு கேட்டா, சினிமா தியேட்டர் விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 2023 ஜனவரி 3-ல் தெளிவா ஒரு தீர்ப்பு கொடுத்திருக்கு. தியேட்டர் தனியார் இடம், வெளிச் சாப்பாடு கூடாதுன்னு உரிமையாளர் விதி போடலாம். ஆனா குடிக்கச் சுத்தமான தண்ணி இலவசமா கொடுக்கணும், கைக்குழந்தைக்கான சாப்பாட்டைப் பெற்றோர் எடுத்துட்டு வர்றதைத் தடுக்கக் கூடாது. அது தியேட்டருக்கான தீர்ப்பு, பார்க் பேர் அதுல இல்ல. ஆனாலும் பாப்பாவோட செரலாக், பால், மருந்து விஷயத்துல கேட்ல தயங்காம பேசுறதுக்கு அது நல்ல ஆதாரம்.

வெளிநாட்டுல இது வேற மாதிரி போயிருக்கு. ஷாங்காய் டிஸ்னிலேண்ட்ல 2019-ல் ஒரு சட்டக் கல்லூரி மாணவி, வாங்கிட்டுப் போன ஸ்நாக்ஸை உள்ளே விடலைன்னு கேஸ் போட்டாங்க. சமரசத்துல அவங்களுக்குக் கிடைச்சது வெறும் 50 யுவான். ஆனா பார்க் தன் விதியையே மாத்தி, வெளிச் சாப்பாட்டை அனுமதிச்சது. டோக்கியோ டிஸ்னிலேண்ட் இன்னும் உள்ளே விடுறதில்ல, ஆனா கட்டுச்சோறு கொண்டு வர்றவங்களுக்குக் கேட்டுக்கு வெளியே தனியா ஒரு இடம் வச்சிருக்கு. நம்ம ஊர்ல அந்த வெளி இடம் நம்ம வண்டிதான்.

பில்லுல பார்க்க வேண்டியது

தண்ணி பாட்டில்ல இருந்து ஆரம்பிக்கலாம். 2018 ஜனவரி 1-ல இருந்து ஒரே பொருளுக்கு ரெண்டு விதமான எம்ஆர்பி அச்சடிக்கக் கூடாது. கடைக்காரர் எம்ஆர்பிக்கு மேல விற்கவும் கூடாது. ஆனா 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட், ஹோட்டலும் ரெஸ்டாரண்ட்டும் பாட்டில் தண்ணிக்கு எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு சொல்லிடுச்சு. அங்கே இடம், பரிமாறுறது எல்லாம் சேர்ந்ததுதான் விலைங்கிறது காரணம். அதனால டேபிள்ல உட்கார்ந்து வாங்குற பாட்டிலுக்குச் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. நாற்காலியே இல்லாத ஒரு வண்டிக் கடையில கையில எடுத்துக் கொடுத்துட்டு எம்ஆர்பிக்கு மேல கேட்டா, அது வெறும் சில்லறை விற்பனைன்னு வாதாட இடம் இருக்கு. பில் வாங்கி, பாட்டிலோட போட்டோ எடுத்து 1915-க்கு அடிக்கலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். 20 ரூபாய்க்கு அன்னிக்கு நாளைக் கெடுத்துக்கணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நான்னா உள்ளே நுழைஞ்சதும் குடிநீர்க் குழாய் எங்கேன்னு பார்த்து வச்சுக்குவேன்.

ஜிஎஸ்டி சாதாரண ரெஸ்டாரண்ட்டுக்கு 5 சதவீதம். ரிசார்ட்ல தங்கப் போறவங்க மட்டும் இதைக் கவனிங்க: ரூம் வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல இருக்கிற ஹோட்டல்ல இருக்கிற ரெஸ்டாரண்ட்ல 18 சதவீதம் வரும். நீங்க அங்கே ரூம் எடுக்காம சாப்பிட மட்டும் போனாலும் அதேதான். 2,000 ரூபாய் பில்லுல 100 ரூபாய் வரி எங்கே, 360 ரூபாய் எங்கே? சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தா எடுக்கச் சொல்லுங்க. அது கட்டாயம் இல்லைன்னு 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் சொல்லியாச்சு. ஃபுட் கோர்ட் கார்டுல பணம் ஏத்தச் சொன்னா, மீதி எப்போ, எந்தக் கவுண்டர்ல திரும்பக் கிடைக்கும்னு ஏத்துறதுக்கு முன்னாடியே கேளுங்க.

ஒரு குடும்பத்தோட கணக்கு

இதுல வர்ற விலை எல்லாம் கணக்குக்காக நான் வச்சுக்கிட்டது. எந்தப் பார்க்கோட மெனுவும் இல்ல. நாலு பேர், எல்லாமே உள்ளே. காலை டிபன் தலைக்கு 150, மதியம் 350, சாயங்காலம் ஸ்நாக்ஸ் 150. தண்ணி 8 பாட்டில், ஒண்ணு 30. மொத்தம் 2,840 ரூபாய்.

அதே குடும்பம் வீட்டுல இட்லி அவிச்சு, பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கட்டி, வண்டியிலயே சாப்பிட்டுட்டு உள்ளே போகுதுன்னு வைங்க. அதுக்கு 100 ரூபாய். மதியம் உள்ளேதான், ஆனா நாலு பேருக்கு மூணு சாப்பாடு: 1,050. குழந்தைங்க ரைடு எக்சைட்மென்ட்ல ஒரு தட்டை முழுசா முடிக்கிறதே இல்ல, பார்த்திருப்பீங்க. தண்ணி ரெண்டு பாட்டில் 60, மீதி குழாய்ல. சாயங்காலம் வெளியே வந்து திருப்போரூர்ல டீ, பஜ்ஜி 150. மொத்தம் 1,360. மிச்சம் 1,480 ரூபாய், கிட்டத்தட்ட ஒரு பெரியவர் டிக்கெட்.

மதியச் சாப்பாட்டையும் தவிர்க்கலாமேன்னு சிலர் சொல்றாங்க. நான் அதைச் சொல்ல மாட்டேன். ரெண்டு ஷிப்ட் ஓடி பார்த்துச் சேர்த்த காசுல பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு, மூணு மணிக்குப் பசியில அழ வைக்கிறது சிக்கனம் இல்ல. மாசச் சம்பளத்தை 26-ஆல வகுத்துப் பாருங்க, உங்க ஒரு நாள் கூலி வரும். சாப்பாட்டுச் செலவு அதைத் தாண்டாம இருந்தா நிம்மதியாச் சாப்பிடுங்க.

டிக்கெட்டோட சேர்த்து பஃபே காம்போ வந்தா, பெரியவங்களுக்கு மட்டும் போட்டுப் பாருங்க. பஃபேயை ஒரு கை பார்த்துட்டு உடனே ரோலர் கோஸ்டர் ஏறினா காசும் போச்சு, சட்டையும் போச்சு. ரைடு எல்லாம் காலையில முடிச்சிட்டு, ஒன்றரை மணிக் கூட்டம் கலைஞ்சதும் ரெண்டரைக்குச் சாப்பிடப் போங்க, க்யூவும் குறையும்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்தப் பார்க்கோட நம்பருக்கு ஒரு போன் போட்டு மூணு விஷயம் கேட்டுடுங்க. காலித் தண்ணி பாட்டில் உள்ளே விடுவாங்களா? கையில முத்திரை போட்டு வெளியே போய்ட்டு வர முடியுமா? குழந்தை, வயசானவங்க, சுகர் இருக்கிறவங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டு வரலாமா? பதிலை வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ எழுத்துல வாங்கிக்கோங்க. கேட்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணன்கிட்ட காட்ட அதுதான் உதவும்.