மறுப்பு எங்கே பிறக்கிறது?

பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட பிள்ளைகளைப் பள்ளிக்கு மீட்டுவரப் பாடுபடும் சமூகப் பணியாளர்களுக்கு, பெற்றோரிடம் பேசும் முறையைக் கற்பிக்க இரண்டு நாள் பயிலரங்கு நடத்தவிருக்கிறார்களாம். பேச்சிலும் விஞ்ஞானம் உண்டா என்று அமராவதி நகரிலிருந்து ஓர் அன்பர் கேட்கிறார். உண்டு, ஆனால் அழைப்பிதழ்கள் வாக்களிக்கும் அளவுக்கு இல்லை.

முதலில் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் ஜெரால்ட் பேட்டர்சன், மரியன் ஃபோர்கட்ச் இருவரும் நடத்தி 1985-இல் வெளியிட்ட பரிசோதனைக்கு வருகிறேன். பிள்ளை வளர்ப்பில் ஆலோசனை நாடிய தாய்மாரிடம் ஆலோசகர் சிறிது நேரம் உபதேசமும் கண்டனமும் மிகப் பேசுவார். பிறகு அவற்றைக் குறைப்பார். மறுபடி தொடங்கி, மறுபடி குறைப்பார். உபதேசம் ஏறியபோதெல்லாம் தாயின் மறுப்பும் ஏறிற்று. அது இறங்க, இதுவும் இறங்கிற்று. 'ஒத்துழைக்காத பெற்றோர்' என்று கோப்பில் ஒருவருடைய சுபாவமாகப் பதிவாவது, எதிரே அமர்ந்தவர் நாவின் விளைவாகவும் இருக்கக்கூடும் என்பதை இதைவிடத் துலாம்பரமாகக் காட்டிய சோதனையை நான் அறியேன்.

"புள்ளையைப் படிக்க வையுங்கக்கா" என்று பணியாளர் தொடங்குகிறார். "எனக்கு மட்டும் ஆசையில்லீங்களா? வாடகை ஆருங்க குடுப்பாங்க?" என்று பதில் வருகிறது. இரு பட்சங்களும் அந்தத் தாயின் நெஞ்சில் முன்பே இருந்தவை. ஒன்றைப் பணியாளர் எடுத்துக்கொண்டமையால் மற்றதே அவள் பேச மிஞ்சிற்று. தன் வாய்ச்சொல்லைத் தன் செவியே கேட்கக் கேட்க அது அவளுள் உறுதிப்படுகிறது. "வாடகை நாள் வந்தா மனசு பதறுது, படிப்பை நிறுத்துனதும் உறுத்துது, இல்லீங்களாக்கா?" என்று கேட்டிருந்தால், "ஆமாங்க, கணக்கு நல்லாப் போடுவா" என்று அவளே மகளுக்காக வாதாடத் தொடங்கியிருக்கலாம். நூலிலும் அப்படித்தான்: சிக்கு விழுந்தால் நுனியைப் பற்றி இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். நூலை முடிச்சை நோக்கியே தள்ளிக் கொடுத்தால் கண்ணி அகலும். அகன்ற கண்ணியில் எந்த இழை எதன்மேல் ஏறியது என்று பார்த்து, ஈரவிரல் படாமல், கத்தரியைத் தேடாமல், இன்னும் சற்றுத் தள்ளிக் கொடுத்தால் ஒரு சுற்று கழலும். அப்போது இரண்டாவது முடிச்சு கண்ணில் படும்.

குடிப்பழக்கமுடையோருக்கென 1983-இல் வில்லியம் மில்லர் வகுத்த ஊக்க நேர்காணல், மாற்றத்துக்கான வாதம் அவரவர் வாயிலிருந்தே வரவேண்டும் என்னும் இந்தத் தத்துவத்தின்மேல் நிற்பது. அவரும் சகாக்களும் 140 ஆலோசகர்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவில், தம் திறமையைப் பற்றி அவர்கள் கொண்ட அபிப்பிராயத்திற்கும் பதிவில் ஒலித்த திறமைக்கும் சம்பந்தமே காணப்படவில்லை. ஆகவே பயிலரங்கின் இறுதியில் நிரப்பப்படும் பாராட்டுப் படிவங்களை நான் சாட்சியமாக ஏற்கமாட்டேன். லண்டனில் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களிடையே டொனால்ட் ஃபாரஸ்டர் குழுவினர் நடத்திய சோதனையிலோ, ஊக்க நேர்காணல் பயிற்சியால் திறமை சற்றே உயர்ந்தும், பெற்றோர் ஈடுபாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை.

பெற்றோர் சம்மதத்துடன் பதிவுசெய்த சம்பாஷணையை அனுபவசாலி ஒருவருடன் அமர்ந்து மறுபடி கேட்கும் ஏற்பாடு, இரண்டு நாளுக்குப் பிறகும் மாதக்கணக்கில் தொடருமா என்று அன்பர் விசாரிக்கட்டும். வாடகையைப் பற்றிய கேள்விக்குக் கைகொடுக்கக்கூடிய உதவித்தொகை, விடுதி இடம் ஆகியவற்றின் விண்ணப்பங்களும் பணியாளரின் பையில் இருக்கவேண்டும்.