அயல்நாட்டுப் பயணமும் நாணயமாற்றும்

மும்பைத் தமிழர் இல்லங்களுக்குக் கடல்கடந்த பயணம் புதிதன்று. மாட்டுங்காவில் ஒரு தாய் மகளின் பேறுகாலத்திற்காகச் சிங்கப்பூர் புறப்படுகிறார். செம்பூரில் ஓர் இளைஞர் வேலைக்காகத் துபாய் செல்கிறார். தாராவியில் ஒரு முதியவர் ஹஜ் யாத்திரைக்கு ஆயத்தமாகிறார். ஊறுகாய்ச் சீசாவைக் கட்டுவதில் காட்டும் கவனத்தில் பாதியையேனும், பல்லாண்டுச் சேமிப்பை மாற்றுவதில் நாம் காட்டுதல் வேண்டும்.

பணத்தின் மதிப்பு நிலையானதன்று என்பதை நம் நகரம் முன்பே கண்டிருக்கிறது. ஒரு காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் ஆகிய இடங்களில் நம் ரூபாயே வழங்கியது. தங்கக் கடத்தலுக்கு ஈடாக ரூபாய் நோட்டுகள் வெளியேறி, அந்நியச் செலாவணி கேட்டுத் திரும்பி வந்தன. ஆதலின் 1959-இல் ரிசர்வ் வங்கி, வளைகுடா நாடுகளுக்கும் ஹஜ் யாத்திரிகருக்கும் தனித்தனி நோட்டுகளை வெளியிட்டது. அவை இந்தியாவில் செல்லா. பின்னர் 1966 ஜூன் 6-ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர், 7 ரூபாய் 50 காசாயிற்று. வளைகுடாவில் அந்த ரூபாயை வைத்திருந்தோரின் சேமிப்பும் உடன் குறைந்தது. அதே ஆண்டில் கத்தாரும் துபாயும் அதனைக் கைவிட்டன.

இன்று நாணயத்தின் விலை நாள்தோறும் மாறுகிறது. அதனை நாம் தடுக்க இயலாது. ஆனால் வீண் நட்டத்தைத் தடுக்கலாம். மாற்றுக்கடையில் இரண்டு விலைகள் உண்டு: நமக்கு விற்கும் விலை ஒன்று, நம்மிடம் வாங்கும் விலை மற்றொன்று. கணக்கிற்காக, விற்பது 90 ரூபாய், வாங்குவது 86 ரூபாய் என்று கொள்வோம். 500 டாலருக்கு 45,000 ரூபாய் கொடுத்தவர், செலவழிக்காமல் திருப்பினால் 43,000 ரூபாயே பெறுவார். 2,000 ரூபாய் போயிற்று! "கமிஷன் இல்லை" என்னும் பலகை இதனைச் சொல்வதில்லை. ஆகவே, "எல்லாம் போக என் கையில் எத்தனை டாலர் வரும்?" என்று இரண்டு மூன்று இடங்களில் கேட்டறிதல் நன்று. புறப்படும் நாளன்று விமான நிலையத்தில் அவசரமாக மாற்றுவோருக்கு இவ்வாறு ஒப்பிட வழியில்லை.

ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கியிடமோ நாணயமாற்று நிலையத்திடமோ மட்டுமே மாற்றி, ரசீது பெறுக. தெரிந்தவர் மூலம் சற்று மலிவாகக் கிடைக்கிறதென்று உரிமமற்றோரிடம் செல்வது 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்திற்கு மாறானது. தொடர்புடைய தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடந்தருகிறது. கள்ள நோட்டு வந்தாலும் முறையிட ரசீது இராது. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் வரையே நோட்டாக எடுத்துச் செல்லலாம். எஞ்சியதைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ஹஜ், உம்ரா யாத்திரைக்குத் தனி விதி உண்டு. வாங்கும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் காசோலை, அட்டை முதலிய வங்கி வழியிலேயே பணம் செலுத்த வேண்டும்.

அயல்நாட்டுக் கடையில் அட்டையை நீட்டும்போது, "ரூபாயில் கணக்கிடவா, இந்நாட்டு நாணயத்திலா?" என்று கேட்பதுண்டு. ரூபாய் என்றதும் மனம் மகிழும்; ஆயினும் அங்கே மாற்று விலையை நிர்ணயிப்பவர் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே நிர்ணயிப்பர். அந்நாட்டு நாணயத்தையே தேர்க. நோட்டையும் அட்டையையும் ஒரே பையில் வைத்தல் ஆகாது. திரும்பியபின் 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். மிகுதியை 180 நாட்களுக்குள் ஒப்படைத்தல் வேண்டும்.

பயணம் செல்லும் பெரியவருக்கு இவற்றை வீட்டிலுள்ள இளையோர் முன்கூட்டியே அமர்ந்து விளக்குவாராக. அந்நாட்டின் நோட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கச் செய்து, அட்டை தொலைந்தால் அழைக்க வேண்டிய எண்ணைத் தமிழில் எழுதிக் கொடுப்பாராக. அயலூரில் அவருக்கு அது பெருந்துணையாகும்.