நீர்வண்டு அன்று: ஒரு நீர்ப்பூச்சியின் அடையாளமும் தமிழ்ப் பெயரும்

உயிரியல் நூல்களைத் தமிழாக்குவோர் இடர்ப்படும் சொற்களுள் ஆங்கிலத்து 'பக்' என்பதும் ஒன்று. பேச்சு வழக்கில் அது எந்தச் சிற்றுயிரையும் சுட்டும். பூச்சியியலிலோ ஹெமிப்டெரா வரிசைக்கே உரியது. 'ஜயன்ட் வாட்டர் பக்' என்பதனைப் 'பெரிய நீர்வண்டு' எனப் பெயர்த்துவிட்டால், குளக்கரையில் நிற்கும் வாசகர் வேறோர் உயிரைத் தேடத் தொடங்குவார். ஆகவே சொல்லைத் தெரிவதற்கு முன் உயிரை நோக்குதல் வேண்டும்.

மணிப்பூரில் 'நௌசெக்' எனப் பெயர்பெற்று உணவாகவும் கொள்ளப்படும் லெத்தோசெரஸ் இண்டிகஸ் என்னும் இனத்தைச் சான்றாகக் கொள்ளலாம். ஏறத்தாழ 6 முதல் 8 செ.மீ. நீளமும் தட்டையான பழுப்புநிற உடலும் உடைய இது, நீரில் அசையாது கிடக்கும்போது வாடிய இலையெனத் தோன்றும். வண்டினின்று இதனைப் பிரித்தறிய முதுகை நோக்கினாற் போதும். வண்டின் முன்னிறகுகள் முழுவதும் தடித்து, முதுகின் நடுவே நேர்கோடாகப் பொருந்தும். இதன் முன்னிறகுகளோ அடிப்பகுதியில் மட்டும் தடித்து, நுனியில் மென்படலமாகி, ஒன்றன்மீது ஒன்று படியும். வரிசைப் பெயரின் கிரேக்கப் பொருளும் 'அரைச்சிறகி' என்பதேயாம். வண்டு மெல்லும் தாடையுடையது. இது குத்தி உறிஞ்சும் அலகுடையது. இதன் உணர்கொம்புகள் கண்களின்கீழ் ஒடுங்கியிருத்தலின் மேலிருந்து நோக்குவார்க்குப் புலப்படா. கையில் எடுத்துச் சோதித்தல் நன்றன்று. கடி மிகுந்த வலி தரும். இறந்ததுபோல் கிடப்பதும் இதன் இயல்பாதலின், அசையாத பூச்சியையும் நம்பலாகாது.

நீர்த்தேளோடு மயங்குதற்கும் இடமுண்டு. இரண்டும் ஒரே வரிசையின. இரண்டும் முன்கால்களால் இரையைப் பற்றுவன. நீர்த்தேளின் பின்முனையில் மெல்லிய சுவாசக்குழல் நீண்டிருக்கும். இதற்கு உள்ளிழுக்கத்தக்க இரு குறும்பட்டைகளே உள. முதுகில் முட்டை சுமந்து திரியும் சிறு பூச்சி தென்படின், அது இக்குடும்பத்தைச் சேர்ந்த டிப்ளோனிகஸ் இனத்து ஆணாகும். லெத்தோசெரஸ், நீருக்கு மேல் நிற்கும் தண்டுகளில் முட்டையிடும்.

இனிப் பெயர். தாய்லாந்து மொழியில் இப்பூச்சிக்கும் குதிரைலாட நண்டுக்கும் 'மேங்டா' என்பதே பெயர். வயலைக் குறிக்கும் 'நா', கடலைக் குறிக்கும் 'தலே' என்னும் அடைகள் அவற்றை வேறுபடுத்துகின்றன. தமிழில் 'நீர்' என்னும் அடை வண்டுக்கும் இதற்கும் பொதுவாதலின், வேறுபாட்டைத் தலைச்சொல்லே தாங்க வேண்டும். வேளாண் தமிழில் 'கதிர் நாவாய்ப்பூச்சி' முன்னரே வழங்குகிறது. 'பக்' என்பதற்கு அதுவே தக்க நிகரன். எனினும் 'பெருநீர் நாவாய்ப்பூச்சி' என்றால் பெருநீர் கடலாகிவிடும். 'நீர்நாவாய்' என நின்றால் கப்பல் நினைவுக்கு வரும். 'நீர்வாழ் பெருநாவாய்ப்பூச்சி' என்பது சற்று நீண்டதாயினும் மயக்கம் தராது.