லடாக் போக பைக் ரெடி... எந்த கார்டை முதலில் மாட்டணும்?

மணாலியிலிருந்து லே போகும் ரோடு. ஜிங் ஜிங் பார் தாண்டி பாரலாச்சா கணவாய்க்கு ஏறுறீங்கன்னு வெச்சுக்கோங்க. ரோட்டின் குறுக்கே பனி உருகி ஓடுற தண்ணீர், அடியில் உருண்டைக் கற்கள். ஆள் நடக்கிற வேகத்தில்தான் கடக்கிறீங்க. முன் வீல் ஒரு கல்லில் வழுக்கி, வண்டி இடது பக்கம் சாய்ஞ்சிடுது. உங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தூக்கி நிறுத்திப் பார்த்தா, கிளட்ச் லீவர் பாதியில் உடைஞ்சிருக்கு.

இன்ஜின் நல்லா இருக்கு. டேங்க்கில் பெட்ரோல் இருக்கு. ஆனா, பயணம் அங்கேயே நின்னுடுச்சு. சுற்றி இருப்பது மலையும் டென்ட்டும்தான், ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லை.

டூரிங் பைக் வாங்கியதும் எல்லாரும் செய்ற வேலை, ஆக்சஸரீஸ் லிஸ்ட் போடுறது. ஃபாக் லேம்ப், ஹெட்லைட் கிரில், பெரிய பெட்டின்னு கண்ணுக்குத் தெரியறதுதான் முதலில் வண்டியில் ஏறும். ஆனா, கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: ‘எது உடைஞ்சா நான் வீடு திரும்ப முடியாது?’ இந்தக் கேள்வியை வெச்சு லிஸ்ட் போட்டா வரிசையே மாறிடும். பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

1. ஹேண்ட் கார்டு

வண்டி சாய்ஞ்சா முதலில் அடிபடுறது லீவர்கள்தான். இடது பக்கம் விழுந்தா கிளட்ச், வலது பக்கம் விழுந்தா முன் பிரேக். ஹேண்ட் கார்டில் ரெண்டு வகை உண்டு. வெறும் பிளாஸ்டிக்கில் வர்றது குளிர்காற்றையும் மழையையும் தடுக்கும். வண்டி எடையைத் தாங்காது. உள்ளே அலுமினியக் கம்பி ஓடி, ஹேண்டில்பாரின் நுனியிலும் நடுப்பக்கத்திலும் ரெண்டு இடத்தில் போல்ட் ஆகிற வகைதான் லீவரைக் காப்பாத்தும்.

பட்ஜெட் இடிக்குதா? ஒரு செட் ஸ்பேர் லீவர் வாங்கி பையில் போட்டுக்கோங்க. லீவர் கிளாம்ப்பை முரட்டுத்தனமா டைட் பண்ணாம, ஓட்டும்போது நகராத, ஆனா ஓங்கி அடிபட்டா சுழலுற அளவுக்கு வைக்கிறது அனுபவஸ்தர்கள் செய்ற டிரிக். விழும்போது லீவர் உடையாம திரும்பிக்கும்.

2. சம்ப் கார்டு

இன்ஜினுக்கு அடியில் இருக்கிற கவசம். ஒரு கூர்மையான கல் இன்ஜின் கேஸில் ஓட்டை போட்டா ஆயில் மொத்தமும் வெளியே வந்துடும். அப்புறம் டிரக்கில் ஏத்திக்கொண்டு வர்றதுதான் ஒரே வழி. பல அட்வென்ச்சர் பைக்குகளில் கம்பெனியே ஒரு கார்டு கொடுத்துடுது. மண் ரோடு, லேசான கல் ரோடு வரைக்கும் அது போதும். பாறைகள் மேலே ஏறி இறங்கப் போறீங்கன்னா, இன்னும் தடிமனான அலுமினியம் அல்லது ஸ்டீல் பிளேட் பார்க்கலாம். ஸ்டீல் உறுதி, ஆனா கனம். அலுமினியம் லேசு, விலை கூட.

வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. சைலன்ஸர் பைப் வளைஞ்சு வர்ற முன்பக்கத்தையும் அது மூடுதா? கழற்றாமலேயே ஆயில் டிரெயின் பண்ண ஓட்டை இருக்கா? சேறும் தண்ணீரும் வெளியேற வழி இருக்கா? சேறு உள்ளேயே தங்கினா இன்ஜின் சூடும் கூடவே தங்கும்.

3. ரேடியேட்டர் கார்டு

இது உங்க பைக்கைப் பொறுத்தது. 2016-ல் வந்த பழைய 411 சிசி ஹிமாலயனில் ரேடியேட்டரே கிடையாது, சின்ன ஆயில் கூலர்தான். 2023-ல் வந்த 452 சிசி ஹிமாலயன் லிக்விட் கூல்டு. முன் வீலுக்குப் பின்னாடியே ரேடியேட்டர். முன்னாடி போற லாரி தெறிக்கவிடுற கல் மெல்லிய ஃபின்களைத் துளைச்சா கூலன்ட் ஒழுகும். இன்ஜின் கொதிக்க ஆரம்பிச்சிடும்.

ஆனா, இங்கேதான் பலரும் தப்பு பண்றாங்க. சல்லடை மாதிரி நெருக்கமான வலை வாங்கினா, கல்லோடு சேர்ந்து காற்றையும் அது தடுக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியரில் ஏறும்போது காற்று ஏற்கெனவே கம்மி. அதனால், ஓட்டைகள் ஓரளவு பெருசா இருக்கிற வலையா பாருங்க. மாட்டினதும் பக்கத்து மலை ரோட்டில் ஏறி, டெம்பரேச்சர் முன்பைவிட எகிறுதா, ஃபேன் அடிக்கடி ஓடுதான்னு கவனிங்க.

4. கிராஷ் கார்டு

தடியா இருந்தா பலம்னு நினைக்கிறோம். உண்மையில் பார்க்க வேண்டியது, அது வண்டியில் எங்கே பிடிச்சிருக்கு என்பதைத்தான். ஒரே இடத்தில் போல்ட் ஆகிற கார்டு, விழுகிற அடியை அப்படியே ஃபிரேமுக்கோ இன்ஜின் மவுன்ட்டுக்கோ கடத்தும். கார்டு வளைஞ்சா மாத்திக்கலாம். ஃபிரேம் வளைஞ்சா செலவு எங்கேயோ போயிடும். பல இடங்களில் பிடிச்சு அடியைப் பிரிச்சுக் கொடுக்கிறதுதான் நல்ல கார்டு. உங்க மாடலுக்காகவே செய்ததா வாங்குங்க. ‘எல்லா வண்டிக்கும் செட் ஆகும் பாஸ்’னு சொன்னா நகர்ந்துடுங்க.

வாங்கும் முன் ஒரு டெஸ்ட்

தரையில் பழைய மெத்தையைப் போட்டு, ரெண்டு நண்பர்களைத் துணைக்கு வெச்சுக்கோங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, வண்டியை மெதுவா ஒரு பக்கம் சாய்ச்சுப் படுக்க வைங்க. எது முதலில் தரையைத் தொடுது? லீவர், கியர் பெடல், டேங்க்... உங்க ஷாப்பிங் லிஸ்ட் அங்கேயே கிடைச்சிடும். கார்டு மாட்டினதும் இதையே திரும்பச் செய்யுங்க. ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, கேபிள் எதுவும் இழுபடுதான்னும் பாருங்க. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை செக் பண்ணிடுங்க. அதிர்வில் போல்ட் லூஸ் ஆகிறது சகஜம்.

எடையையும் கணக்கில் எடுங்க

ஹிமாலயன் 450 சும்மாவே 196 கிலோ. கிராஷ் கார்டு, சம்ப் பிளேட், பெட்டிக்கான ரேக் எல்லாம் சேர்ந்தா சுலபமா 10 கிலோவுக்கு மேல் கூடிடும். தண்ணீருக்குள் விழுந்த வண்டியைத் தூக்கும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும். கல் ரோட்டில் போறவங்களுக்கு இரும்புப் பெட்டியைவிட துணி சாடில் பேக் மேல். எடையும் கம்மி, கால் ஊன்றும்போது பெட்டி வந்து கணுக்காலில் இடிக்கிற ஆபத்தும் குறைவு. ரேக் மாட்டுறதுக்காக சாரி கார்டைக் கழற்றி வீசிடாதீங்க. பின் சக்கரத்துக்கு மறைப்பு இருக்கணும்னு மோட்டார் வாகன விதி சொல்லுது.

ஹெட்லைட் கிரில், ஃபாக் லேம்ப் எல்லாம் இதுக்குப் பிறகுதான். அதுவும் கிரில்லைவிட தெளிவான பாலிகார்பனேட் கவர் நல்லது. கம்பி வலையின் நிழல் ராத்திரி ரோட்டில் விழும்.

கடைசியா ஒண்ணு. மேலே சொன்ன எல்லாமே வண்டியைத்தான் காப்பாத்தும், உங்களை இல்லை. கையில் இருக்கிற பணம் ஒண்ணுக்குத்தான் போதும்னா, கார்டை விட்டுடுங்க. ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட், கணுக்காலை மூடுற பூட்ஸ், கிளவுஸ், தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் சி.இ லெவல் 2 ஆர்மர் உள்ள ஜாக்கெட், முழங்கால் கார்டு... இதை முதலில் வாங்குங்க. உடைஞ்ச லீவரை லேயில் மாத்திக்கலாம். முழங்காலுக்கு ஸ்பேர் கிடையாது!